பதினொரு நொடி

குவோப்பியோவில் ஜனவரி வெளிச்சம்
மதியம் மூன்றரைக்கே கடையைக் கட்டிவிடும்.
அவசர அழைப்பு மையத்தில்
எட்டாம் எண் மேசை என்னுடையது.
மூன்று திரை, ஒரு ஹெட்செட்,
யாரோ விட்டுப்போன கம்பளிக் காலுறை.
அதை நான்தான் போட்டுக்கொள்கிறேன்.

தௌனோ என்று ஒருவர் அழைத்தார்.
மனைவி சவுனா வாசலில் சரிந்து கிடக்கிறாள் என்றார்.
பாதையின் பெயரைச் சொன்னார்.
ஏரிக்கு இக்கரையில் ஒன்று, அக்கரையில் ஒன்று,
ஒரே பெயரில் இரண்டு பாதை.
நான் பேசாமல் இருந்தேன்.
பதினொரு நொடி.

பிறகு கேட்டேன். வண்டி கிளம்பியது.
முப்பது அழுத்தம் எண்ணினோம், இருவருமாக,
மறுபடி முப்பது,
மறுபடி.
அவள் பிழைக்கவில்லை.

மருத்துவர் சொன்னார், மேலாளர் சொன்னாள்,
முத்திரை குத்திய காகிதமும் சொன்னது:
பதினொரு நிமிடம் முந்தியிருந்தாலும் இதேதான்,
உங்கள்மேல் குற்றமில்லை.
தலையாட்டினேன்.

ஆனால் எனக்குள் ஒருத்தி இருக்கிறாள்,
நாக்கில் நரம்பில்லாதவள்.
பல் துலக்கும்போது வருவாள்.
பூட்டு உறைந்து சாவி திரும்பாதபோது வருவாள்.
கஞ்சி அடிப்பிடித்தால், கரண்டியைப் பார்த்துச் சொல்வாள்:
இந்தக் கையை நம்பியா ஒரு உயிரைக் கொடுத்தார்கள்?
நீ பிழைத்தாய், ஹில்க்கா, பிழைத்தாய்.

அவளை விரட்டிவிட்டால்
அலட்சியக்காரியாகிவிடுவேன் என்று பயந்தேன்.
அதனால் வேலைக்கு வைத்துக்கொண்டேன்.
சம்பளம், என் தூக்கம்.

மார்ச்சில் சொய்லி கேட்டாள்,
புதியவர்களுக்கு அந்தப் பதிவைப் போடலாமா,
முதலில் நீயும் நானும் கேட்டுப் பார்ப்போமா என்று.
தண்டனை வாங்கப் போகிறவளைப் போலப் போனேன்.

முதலில் தௌனோவின் இரைப்பு.
அடுத்து ஒரு பெண்.
யார் இவள் என்று ஒரு கணம் தெரியவே இல்லை.
'தௌனோ, நான் இணைப்பில்தான் இருக்கிறேன்' என்கிறாள்,
காய்ச்சல்காரக் குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடும் குரலில்.

பிறகு அந்த இடம் வந்தது.
கண்ணை மூடிக்கொண்டேன்.

அது மௌனமாகவே இல்லை.
விசைப்பலகை தடதடக்கிறது.
எலி ஒருமுறை, இன்னொருமுறை சொடுக்குகிறது.
அக்கரை வரைபடத்தில் எங்கோ
நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.
என் மூச்சு கேட்கிறது.
அவர் மூச்சு முன்னால் தாறுமாறாக ஓடி,
ஏழாவது நொடியில் நின்று,
என்னுடையதோடு நடக்கத் தொடங்குகிறது.

சொய்லி பதிவை நிறுத்தினாள்.
எதுவும் சொல்லவில்லை.
மூக்கின்மேல் இருந்த கண்ணாடியை
மேசையெல்லாம் தேடினாள்.

அன்றோடு எல்லாம் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன்.
ஏப்ரலில், இரண்டாம் மாடிப் படியில்
முட்டைப் பெட்டி கைநழுவியது.
வந்துவிட்டாள்.
'இதற்குக்கூட உனக்கு...'

கையுறையெல்லாம் மஞ்சள் கரு.
படியில் அப்படியே உட்கார்ந்தேன்.
வேறு என்ன செய்வதென்று தெரியாமல்
எட்டாம் எண் மேசைக் குரலில் கேட்டேன்:
அவசர உதவி மையம். என்ன நடந்தது?

அவள் திகைத்தாள்.
யாரும் அவளை இதுவரை எதுவும் கேட்டதில்லை.

எங்கே இருக்கிறீர்கள்?
படியில்.
யாருக்கு அடிபட்டிருக்கிறது?

பதினொரு நொடிக்கு மேலேயே இருக்கும்.
பனி உருகிக் குழாயில் இறங்கும் சத்தம்.
எனக்கு, என்றாள்.
எனக்குத்தான்.

எதிர்வீட்டு யால்மரி கதவைத் திறந்தார்,
முட்டையோடு பேசும் என்னைப் பார்த்தார்,
உள்ளே போய்
ஒரு உருளைக் காகிதத் துண்டை வைத்துவிட்டு
ஓசைப்படாமல் சாத்திக்கொண்டார்.

இணைப்பைத் துண்டிக்காதீர்கள், என்றேன்.
நான் இங்கேதான் இருக்கிறேன்.
மெதுவாக மூச்சு விடுங்கள். என்னோடு.

நான்கு உடைந்திருந்தன.
இரண்டைக் கழுவி எடுத்து வைத்தேன்.
துடைத்து முடிக்கும்வரை
அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்,
சோர்ந்துபோய், என் உயரத்தில், என் காலுறையோடு.

நீ பிழைத்தாய், என்றாள் மறுபடி,
இந்தமுறை கொஞ்சம் தணிந்த குரலில்.

ஆமாம், என்றேன்.
பிழைத்தேன்.
பிழைத்திருக்கிறேன்.